குழாய்த் தண்ணீரில் புற்றுநோய் அபாயம் எவ்வளவு? ஓர் ஆய்வறிக்கையை வைத்து ஒரு பதில்

மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து எழுதியிருக்கும் சகோதரிக்கு வணக்கம். நீங்கள் எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துவிடுவோம். உங்கள் மாமனாருக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் என்று அண்மையில் தெரியவந்திருக்கிறது. வீடே கலங்கிப்போயிருந்த நேரத்தில் தண்ணீர் வடிகட்டி விற்பவர் ஒருவர் வந்து, இரண்டு கிளாஸில் கம்பிகளை முக்கி மின்சாரம் பாய்ச்சியிருக்கிறார். குழாய்த் தண்ணீர் பழுப்பாகிக் கசடு மிதந்தது, அவருடைய வடிகட்டித் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. குளோரினும் உலோகமும்தான் இந்த நோய்க்குக் காரணம், 4,800 ரிங்கிட்டுக்கு ஓர் இயந்திரம் மாட்டினால் பிள்ளைகள் தப்பிப்பார்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நீங்கள் உடனே பணத்தைக் கொடுக்காமல் ஒரு மினரல் வாட்டர் போத்தலில் குழாய்த் தண்ணீரைப் பிடித்துத் தனியார் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்திருக்கிறீர்கள். அறிக்கையில் லிட்டருக்குக் குளோரோஃபார்ம் 42 மைக்ரோகிராம், புரோமோடைகுளோரோமீத்தேன் 11, டைபுரோமோகுளோரோமீத்தேன் 3, ஆர்செனிக் 1-க்கும் குறைவு, ஈயம் 2, அலுமினியம் 120 என்று இருக்கிறது. குளோரோஃபார்ம் என்று இணையத்தில் தேடியதும் புற்றுநோய் என்று வந்திருக்கிறது, பயந்துவிட்டீர்கள்.

நீங்கள் கேட்டது ‘இந்தத் தண்ணீரைக் குடித்தால் புற்றுநோய் வருமா’ என்று. அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மாமனாருக்கு வந்தது இந்தத் தண்ணீரால்தானா என்பது ஒன்று. இதையே பிள்ளைகளுக்குத் தொடர்ந்து கொடுக்கலாமா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் வேறு வேறு, நம்பகத்தின் அளவும் வேறு. நான் பினாங்கில் பல வருடம் தண்ணீர் ஆய்வகத்தில் வேலை செய்த வேதியியலாளன். பிற்பாடு இப்படிப்பட்ட எண்களை வைத்து உடல்நல அபாயத்தைக் கணக்கிடும் வேலையும் பார்த்தேன். மருத்துவன் அல்லன். மாமனாரின் சிகிச்சை பற்றி என்னால் ஒரு வார்த்தையும் சொல்ல முடியாது, அதை அவருடைய மருத்துவரிடமே கேளுங்கள்.

கம்பி சோதனையை முதலில் முடித்துவிடுவோம், உங்களை அதிகம் பயமுறுத்தியது அதுதான். அந்தப் பழுப்பு தண்ணீருக்குள் இருந்து வந்தது அல்ல, கம்பியிலிருந்து வந்தது. குழாய்த் தண்ணீரில் கால்சியம், சோடியம் போன்ற உப்புகள் கொஞ்சம் கரைந்திருக்கும், அதனால் அதில் மின்சாரம் பாயும். மின்சாரம் பாய்ந்தால் இரும்புக் கம்பி அரித்துக் கரைந்து துருவாகப் படியும். வடிகட்டித் தண்ணீரில் உப்பு ஏறக்குறைய இல்லை, மின்சாரம் பாயாது, கம்பியும் கரையாது. அடுத்த முறை யாராவது இதைச் செய்துகாட்டினால் அவருடைய தெளிந்த தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும். டிடிஎஸ் மீட்டர் காட்டும் எண்ணும் இப்படித்தான், கரைந்த உப்பின் அளவைக் காட்டும். அதில் நஞ்சு இருக்கிறதா என்று அந்தக் கருவிக்குத் தெரியாது.

இனி குளோரின். உங்கள் வீட்டுக்கு வரும் தண்ணீரில் பெரும்பங்கு சுங்கை மூடாவின் ஆற்று நீர், சுங்கை டூவா நிலையத்தில் சுத்திகரிக்கப்படுகிறது. எந்த ஆற்று நீரிலும் இலை தழை மட்கிய கரிமப் பொருள் இருக்கும். கிருமியைக் கொல்லப் போடும் குளோரின் அந்தக் கரிமப் பொருளோடும் வினைபுரியும். அப்போது பிறப்பவைதான் ட்ரைஹாலோமீத்தேன்கள் என்னும் நான்கு சேர்மங்கள், குளோரோஃபார்ம் அவற்றில் ஒன்று. இதை 1974-இல் நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் யோஹன்னஸ் ரூக் என்ற வேதியியலாளர் வெளியிட்டார். 1976-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் சோதனையில் அதிக அளவு குளோரோஃபார்ம் கொடுத்த எலிகளுக்குச் சிறுநீரகத்திலும், சுண்டெலிகளுக்குக் கல்லீரலிலும் கட்டிகள் வந்தன. உங்கள் தேடலில் வந்த பயத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. பிற்பாடு அந்தக் கட்டிகள் வந்த விதத்தையும் ஆராய்ந்தார்கள். அவ்வளவு பெரிய அளவில் குளோரோஃபார்ம் செல்களைக் கொன்று, உடல் திரும்பத் திரும்பப் புதுச் செல்களை உண்டாக்க நேரும்போதுதான் கட்டி வருகிறது. செல்கள் சாகாத சிறிய அளவில் அந்த வழி திறப்பதில்லை என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் கருத்து.

‘புற்றுநோய் உண்டாக்கும் பொருள்’ என்ற பட்டியல் எதைச் சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை குளோரோஃபார்மை 2பி பிரிவில் வைத்திருக்கிறது, அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பிரிவு. குளோரின் போட்ட குடிநீரை 1991-இல் மதிப்பிட்டு, வகைப்படுத்தப் போதிய ஆதாரம் இல்லை என்று 3-ஆம் பிரிவில் வைத்தது. இந்தப் பிரிவுகள் சான்று எவ்வளவு வலுவானது என்பதைத்தான் சொல்கின்றன. எத்தனை மைக்ரோகிராமில் எவ்வளவு அபாயம் என்பது அதில் கிடையாது. புலி ஆபத்தான விலங்கு என்பதும், உங்கள் தாமான் குடியிருப்பில் புலி இருக்கிறதா என்பதும் வேறு வேறு கேள்விகள். இரண்டாவது கேள்விக்கு அளவு வேண்டும்.

உங்கள் அறிக்கையை வைத்தே அளவைப் பார்ப்போம். லிட்டருக்கு 42 மைக்ரோகிராம் குளோரோஃபார்ம் உள்ள தண்ணீரை 60 கிலோ எடையுள்ளவர் நாளைக்கு 2 லிட்டர் குடித்தால், உடல் எடையில் கிலோவுக்கு 1.4 மைக்ரோகிராம் உள்ளே போகிறது. வாழ்நாள் முழுவதும் தினமும் உட்கொண்டாலும் தாங்கும் என்று உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. ஆனால் தனித்தனியாகப் பார்ப்பது போதாது, நான்கும் சேர்ந்து என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு அந்த நிறுவனம் ஒரு வழி சொல்கிறது. ஒவ்வொன்றையும் அதனதன் வரம்பால் வகுத்துக் கூட்டுங்கள், கூட்டுத்தொகை 1-ஐத் தாண்டக்கூடாது. குளோரோஃபார்ம் 42-ஐ 300-ஆல் வகுத்தால் 0.14. புரோமோடைகுளோரோமீத்தேன் 11-ஐ 60-ஆல் வகுத்தால் 0.18. டைபுரோமோகுளோரோமீத்தேன் 3-ஐ 100-ஆல் வகுத்தால் 0.03. நான்காவது சேர்மம் உங்கள் அறிக்கையில் இல்லை. மொத்தம் 0.35. கவனித்தீர்களா, நீங்கள் பயந்த குளோரோஃபார்மைவிட, நாலில் ஒரு பங்கே இருக்கும் புரோமின் சேர்ந்த சேர்மம் கணக்கில் அதிக இடம் பிடிக்கிறது. நாங்களும் அறிக்கையில் முதலில் தேடுவது அதைத்தான்.

இந்த 0.35-ஐ நான் முழுதாக நம்பவில்லை. காரணம் உங்கள் போத்தல். இந்தச் சேர்மங்கள் எளிதில் ஆவியாகிவிடும். அதனால் இதற்கென்று இருக்கும் சிறிய கண்ணாடிக் குப்பியில், மேலே ஒரு காற்றுக்குமிழிகூட இல்லாமல், விளிம்பு பொங்கும்வரை நிரப்பி மூட வேண்டும். குப்பியில் குளோரினை நிறுத்தும் மருந்தும் முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் குப்பிக்குள்ளேயே வினை தொடரும். ஐஸில் வைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மினரல் வாட்டர் போத்தலில் பிடித்து, மேலே இடம் விட்டு, வெயிலில் காரில் கொண்டுபோயிருந்தால் ஒரு பங்கு ஆவியாகியிருக்கலாம். உள்ளேயே கொஞ்சம் புதிதாக உண்டாகியும் இருக்கலாம். பாதி போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது உண்மையான கூட்டுத்தொகை 0.7, இன்னும் 1-க்குள்தான். ஆனால் இவற்றின் மொத்தம் 56-இலிருந்து 112 ஆகும், அது அமெரிக்கா வைத்திருக்கும் 80 என்ற ஆண்டுச் சராசரி வரம்பைத் தாண்டிவிடும். ஒரு நாள் மாதிரியை ஆண்டுச் சராசரியோடு ஒப்பிடுவது சரியில்லைதான். மழைக்காலத்தில் ஆறு கலங்கும்போது எண் ஏறும், குழாயில் தண்ணீர் நெடுநேரம் நின்றாலும் ஏறும். மறுபடி சோதிப்பதாக இருந்தால் சரியான குப்பியில் சோதியுங்கள் என்று சொல்வதற்காகவே இதை இவ்வளவு நீட்டிச் சொன்னேன்.

எலிகளை விட்டுவிட்டு மனிதர்களிடம் வருவோம், உங்கள் மாமனாரின் நோய் இங்கேதான் வருகிறது. குளோரின் வினையில் கூடவே பிறக்கும் துணைப்பொருள்களோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் புற்றுநோய்களில் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குத்தான் ஓரளவு ஒத்துப்போகும் சான்று இருக்கிறது. ஆறு ஆய்வுகளின் தரவைச் சேர்த்து 2004-இல் வெளிவந்த பகுப்பாய்வில், நெடுங்காலம் சராசரியாக 50 மைக்ரோகிராமுக்கு மேல் ட்ரைஹாலோமீத்தேன் உள்ள தண்ணீரைப் பயன்படுத்திய ஆண்களுக்கு அபாயம் சுமார் 1.4 மடங்கு என்று வந்தது. பெண்களிடம் அப்படி ஒரு கூடுதல் தெரியவில்லை. ஐரோப்பிய நாடுகளை வைத்து 2020-இல் வந்த மதிப்பீடு, அங்குள்ள சிறுநீர்ப்பைப் புற்றுநோய்களில் சுமார் 5 விழுக்காட்டுக்கு இவை காரணமாகலாம் என்றது. ‘ஆகலாம்’ என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அந்தக் கணக்கு தொடர்பு உண்மையான காரணகாரியம்தான் என்று எடுத்துக்கொண்டு போடப்பட்டது. அது இன்னும் உறுதியாகவில்லை. ட்ரைஹாலோமீத்தேன்தான் குற்றவாளியா, அதோடு கூடவே பிறக்கும் வேறு எதாவதா என்பதும் தெளிவில்லை. குளோரினால் பிறக்கும் துணைப்பொருள்கள் 600-க்கு மேல் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன, அவற்றில் மிகச் சிலவற்றைத்தான் நாங்கள் வழக்கமாக அளக்கிறோம். குடிப்பது மட்டுமல்ல, வெந்நீரில் குளிக்கும்போது ஆவியாகவும் தோல் வழியாகவும் கணிசமான அளவு உடலுக்குள் போகிறது. குடிநீரை மட்டும் வடிகட்டினால் அது நிற்காது. இவ்வளவு ஐயம் இருந்தும் ஒன்றில் எனக்கு ஐயமே இல்லை. குளோரினை நிறுத்தினால் டைஃபாய்டும் வயிற்றுப்போக்கும் காலராவும் வரும், அதில் முதலில் போவது குழந்தைகள். துணைப்பொருள்களைக் குறைக்கும் முயற்சியில் கிருமிநீக்கத்தில் கைவைக்கக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் வெளிப்படையாகவே சொல்கிறது.

உலோகங்களில் ஆர்செனிக்கைத் தனியாகப் பேச வேண்டும், ஏனென்றால் குடிநீர் வழியாக மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது ஐயத்துக்கு இடமின்றி உறுதியான மிகச் சில பொருள்களில் அது ஒன்று. சிலி நாட்டின் அன்டோஃபகாஸ்டா நகரத்துக்கு 1958 முதல் 1970 வரை லிட்டருக்கு 860 மைக்ரோகிராம் அளவுக்கு ஆர்செனிக் உள்ள ஆற்று நீர் வந்தது. 1970-இல் சுத்திகரிப்பு நிலையம் வந்து அளவு இறங்கியது. ஆனால் சிறுநீர்ப்பைப் புற்றுநோயும் நுரையீரல் புற்றுநோயும் அதன்பின் பல பத்தாண்டுகள் அங்கே உயர்ந்தே இருந்தன. உங்கள் அறிக்கையில் ஆர்செனிக் 1-க்கும் குறைவு, மலேசிய வரம்பு 10. மனநிறைவான எண்தான். ஆனாலும் 10 என்பது அதற்குக் கீழே போனால் அபாயமே இல்லை என்ற கோடு அல்ல. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பல வருடம் பயன்படுத்திய சூத்திரத்தில், 70 கிலோ எடையுள்ளவர் 10 மைக்ரோகிராம் உள்ள தண்ணீரை வாழ்நாள் முழுதும் நாளைக்கு 2 லிட்டர் குடித்தால் பத்தாயிரத்தில் நான்கு பேர் அளவுக்குக் கூடுதல் அபாயம் என்று வரும். 2025-இல் அதே முகமை திருத்திய மதிப்பீட்டில் அது இன்னும் பல மடங்கு ஏறியது. தண்ணீர் மாறவில்லை, கணக்கிடும் முறைதான் மாறியது. அதனால்தான் இந்த எண்களை நான் மேல்வரம்பு என்று சொல்வேன், இத்தனை பேருக்கு நோய் வரும் என்ற கணிப்பாகச் சொல்ல மாட்டேன். 10 என்ற வரம்பையே உலகச் சுகாதார நிறுவனம் ‘தற்காலிகமானது’ என்று குறித்திருக்கிறது, அதற்குக் கீழே அகற்றுவது நடைமுறையில் கடினம் என்பதால்.

வடிகட்டிக்காரர் சொல்லாத ஒன்று, அரிசி. நம் வீட்டில் ஒருவர் நாளைக்கு 200 கிராம் அரிசி சாப்பிடுகிறார், அதில் நஞ்சான வடிவமாகிய கனிம ஆர்செனிக் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் 20 மைக்ரோகிராம் உள்ளே போகிறது. உங்கள் தண்ணீர் இரண்டு லிட்டரிலிருந்து வருவது 2-க்கும் குறைவு. அரிசிக்கு அரிசி மாறும், இருந்தாலும் கணக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிகிறதல்லவா. குக்கரில் தண்ணீர் வற்ற வைத்துச் சமைக்காமல், பாட்டி காலத்தைப் போல நிறைய தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்துக் கஞ்சியை வடித்துவிட்டால் ஆர்செனிக்கில் ஒரு நல்ல பங்கு அதோடு போய்விடும். 4,800 ரிங்கிட் இயந்திரத்தைவிட அந்த வடிதட்டு உங்கள் வீட்டு ஆர்செனிக்கை அதிகம் குறைக்கும். மீன், நண்டில் இருக்கும் ஆர்செனிக்கில் பெரும்பகுதி வேறு வடிவம், நஞ்சு மிகக் குறைவு, அதற்காக மீன் குழம்பை விட வேண்டாம்.

மற்ற உலோகங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அலுமினியம் 120, வரம்பு 200. படிகாரம் போட்டு ஆற்று நீரைத் தெளிவிக்கும்போது மிஞ்சுவது அது. ‘அலுமினியம் முதல் பிரிவுப் புற்றுநோய்ப் பொருள்’ என்று வடிகட்டிக்காரர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். உறுதியான சான்று உள்ளவை என்ற அந்தப் பிரிவில் இருப்பது அலுமினியம் உருக்கும் ஆலைகளில் செய்யும் வேலை, அங்கே தொழிலாளர் சுவாசிக்கும் தார் புகைக்காக. உங்கள் குழாயோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. ஈயம் 2, வரம்பு 10. கனிம ஈயம், அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும் என்ற 2ஏ பிரிவில் இருந்தாலும் அதில் நான் கவலைப்படுவது புற்றுநோய்க்காக அல்ல, சிறு பிள்ளைகளின் மூளைக்காக. அதற்கு இவ்வளவுக்குக் கீழே பாதிப்பே இல்லை என்று சொல்லக்கூடிய அளவு கிடையாது. ஈயம் பெரும்பாலும் ஆற்றிலிருந்து வருவதில்லை, வீட்டுப் பித்தளைக் குழாய்த் தலைகளிலிருந்தும் பழைய பற்றவைப்புகளிலிருந்தும் வருகிறது. இரவெல்லாம் குழாயில் நின்ற தண்ணீரைக் காலையில் ஓடவிட்டுச் செடிக்கு ஊற்றிவிடுங்கள், பால்மாவு கரைக்க அதற்குப் பிறகு பிடியுங்கள்.

மாமனாரின் கேள்விக்கு வருகிறேன். தனியொரு மனிதருக்கு ஏன் புற்றுநோய் வந்தது என்று தண்ணீர் அறிக்கையை வைத்துச் சொல்ல யாராலும் முடியாது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் உருவாகப் பெரும்பாலும் பல பத்தாண்டுகள் ஆகும். அவர் இளமையில் எங்கே இருந்தார், எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடித்தார் என்பதைப் போன வாரம் பிடித்த போத்தல் சொல்லாது. ஆனால் எது பெரிய காரணம், எது சிறிய காரணம் என்று வரிசைப்படுத்த முடியும். அவர் நாற்பது வருடம் சிகரெட் பிடித்ததாகவும், இளமையில் ரப்பர் தொழிற்சாலையில் வேலை செய்ததாகவும் உங்கள் கேள்வியின் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். புகைபிடிப்பவருக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் அபாயம் பிடிக்காதவரைவிட மூன்று மடங்காவது கூடுதல். ரப்பர் தயாரிப்புத் தொழிலில் பழைய காலத்தில் இருந்த அரோமாட்டிக் அமைன்கள் இதே நோய்க்கு உறுதியான காரணம் என்று நிரூபணமானவை. நான் முன்பு சொன்ன 1.4 மடங்கோடு இவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் தொழிலைப் பற்றி மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். வேலையால் வந்த நோய் என்று நிறுவ முடிந்தால் சொக்சோ என்னும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் கேட்டுப் பார்க்கவும் வழி இருக்கிறது. வீட்டில் வேறு யாராவது இன்னும் புகைக்கிறார்கள் என்றால், தண்ணீரில் செய்யக்கூடிய எதையும்விட அதை நிறுத்துவது பெரிது. சிறுநீரில் வலியே இல்லாமல் இரத்தம் தெரிந்தால், ஒரே ஒரு தடவையாக இருந்தாலும், மறுநாளே கிளினிக்குக்குப் போக வேண்டும். நாட்டு மருந்தும் சீன மூலிகையும் வாங்கும்போது அரிஸ்டோலோகியா இனம் கலந்தது வேண்டாம், அது சிறுநீரகத்தையும் சிறுநீர்ப் பாதையையும் கெடுப்பது உறுதியாகத் தெரிந்த ஒன்று.

பிள்ளைகளுக்கு இந்தத் தண்ணீரைக் கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம். என் வீட்டில் இந்த எண்கள் வந்திருந்தால் நான் கொடுப்பேன். இன்னும் குறைக்க விரும்பினால் செலவில்லாத வழிகள் இருக்கின்றன. மூடியைத் திறந்து வைத்துச் சில நிமிடம் கொதிக்கவிட்டால் ட்ரைஹாலோமீத்தேனில் பெரும்பகுதி ஆவியாகிவிடும், உலோகம் மட்டும் போகாது. குளியலறைச் சன்னலைத் திறந்து வையுங்கள். கூரைத் தொட்டியை வருடத்துக்கு ஒரு முறையாவது கழுவுங்கள். வடிகட்டிதான் வேண்டும் என்றால் சமையலறைக் குழாயில் ஒரு கரி வடிகட்டி போதும், ஆனால் பெட்டியில் என்.எஸ்.எஃப் 53 என்ற தரச்சான்று ட்ரைஹாலோமீத்தேனுக்கும் ஈயத்துக்கும் கொடுக்கப்பட்டதா என்று பாருங்கள். 42 என்று மட்டும் இருந்தால் அது சுவைக்கும் வாடைக்கும் கொடுத்த சான்று. கரியை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் அதில் கிருமி வளரும், குளோரின் போன தண்ணீரில் அதைத் தடுக்க எதுவும் இருக்காது. வடிகட்டிய தண்ணீரை நாள் கணக்கில் திறந்த பாத்திரத்தில் வைக்க வேண்டாம்.

மறுபடி சோதிப்பதாக இருந்தால் ஆய்வகத்தையே ட்ரைஹாலோமீத்தேன் குப்பி கேளுங்கள், தருவார்கள். உலோகத்துக்கு இரண்டு மாதிரி பிடியுங்கள், காலையில் திறந்தவுடன் ஒன்று, ஐந்து நிமிடம் ஓடவிட்ட பிறகு ஒன்று. இரண்டுக்கும் ஈயத்தில் பெரிய வித்தியாசம் இருந்தால் பிரச்சினை உங்கள் வீட்டுக் குழாயில்தான். எண்கள் வந்ததும் இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.